வாப்பாவின் பிளக்கும் ஒக்டேன் எண்ணும்

எங்கள் தொழில்நுட்ப வகுப்பறை அலுமாரியின் மேல் தட்டில் ஒரு பிஸ்டன் இருக்கிறது. தேநீர்க் கோப்பை அளவான ஓர் அலுமினியத் துண்டு. அதன் தலையில் சுண்டுவிரல் நுழையுமளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டையின் ஓரம் மெழுகுதிரி வழிந்து உறைந்ததுபோல இருக்கும். புதிதாக இந்தப் பிரிவுக்கு வரும் தங்கைகள் எல்லோரும் அதைத் தூக்கிப் பார்த்து, "இத எதால டீச்சர் துளச்ச?" என்று கேட்பார்கள். டீச்சர் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்புவார். அதைப் பாடசாலைக்குக் கொண்டு வந்தவள் நான்தான். அது என் வாப்பாவின் போட் எஞ்சினுக்குள் இருந்தது. அதைத் துளைத்தது ஆணியோ துளைகருவியோ அல்ல. ஒரு பிளக்கும் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயும்தான்.

மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி தமிழ் டீச்சர் கேட்டபோது, எனக்குக் கவிதை வராது, இந்தப் பிஸ்டனைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "உம்மாவுக்கும் விளங்குற மாதிரி எழுதினா போடலாம்" என்றார். ஆகவே இதை எழுதி முடித்ததும் முதலில் உம்மாவுக்குத்தான் வாசித்துக் காட்டினேன். உம்மா நிறுத்தி நிறுத்திக் கேட்ட இடங்களில்தான் கட்டுரை நீண்டிருக்கிறது.

எங்கள் ஊரான காத்தான்குடிக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவியில் மீன் பிடிப்பவருக்குத் தோணியும் துடுப்பும் கையிரண்டும் போதும். கடலுக்குப் போகிறவருக்கு எஞ்சின் வேண்டும். வாப்பா கடற்காரர். சுனாமிக்குப் பிறகு உதவியாகக் கிடைத்த ஃபைபர் போட்டும், அதோடு வந்த மண்ணெண்ணெய் எஞ்சினும் எங்கள் குடும்பத்தைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் சுமந்தன. எஞ்சின் தேய்ந்துபோக, 2021இல் பழைய பெற்றோல் எஞ்சின் ஒன்றை வாங்கினார். 25 குதிரைவலு, இரண்டு சிலிண்டர், இரண்டு பிளக். கதை இங்கேதான் தொடங்குகிறது. ஏனென்றால் எஞ்சின் பெற்றோலுக்கு மாறியது. வாப்பாவின் கை மண்ணெண்ணெயிலேயே பழகியிருந்தது.

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் செட்டுக்கு முன்னால் நாள்கணக்கில் வரிசை. கியூஆர் அட்டை வந்தபின் வரிசை குறைந்தது, ஆனால் கோட்டா போதவில்லை. ஓகஸ்ட் மாதத்தில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 450 ரூபா. மண்ணெண்ணெய் 87 ரூபா, அதுவும் கிடைத்தால். அப்படிக் கிடைத்த கொஞ்ச மண்ணெண்ணெயை வாப்பா பெற்றோலோடு கலந்தார். மூன்று லீற்றர் பெற்றோலுக்கு ஒரு லீற்றர். கணக்குப் பாருங்கள்: நான்கு லீற்றர் பெற்றோல் 1800 ரூபா, கலந்தால் 1437 ரூபா. நாலு லீற்றருக்கு 363 ரூபா மிச்சம், அதோடு கோட்டாவும் நீளும். அந்த நாட்களில் 363 ரூபா சிறிய காசல்ல.

கலந்ததும் எஞ்சின் நின்றுவிடவில்லை. நின்றிருந்தால் நல்லதாகப் போயிருக்கும். ஓடியது. புகை கூடியது, காலையில் கயிற்றை ஏழெட்டுத் தடவை இழுக்க வேண்டியிருந்தது, பிளக் இரண்டும் அடிக்கடி கரி பிடித்தன. வாப்பா கழற்றி உப்புத் தாளால் தேய்த்து மறுபடி போடுவார். பிறகு ஒரு பிளக் பொறியே விடவில்லை. புதுப் பிளக் வாங்கப் போனார்.

எஞ்சினோடு வந்த கைநூலில் இருந்தது பீ 7 எச் எஸ் என்ற பிளக். அந்த ஆண்டு டொலர் இல்லாததால் உதிரிப்பாகக் கடைகளில் பாதி இராக்கைகள் வெறுமை. அந்தப் பிளக் இல்லை. வேறொரு கம்பனியின் பிளக் இருந்தது. மரை ஒன்றுதான், நீளம் ஒன்றுதான், எண் மட்டும் எட்டு. வாப்பாவுக்கு ஒரு விஷயம் தெரியும்: பிளக்கின் எண் கூடினால் அது 'குளிர்ந்த' பிளக்; ஒரு படி குளிர்ந்ததைப் போட்டால் கரி கொஞ்சம் பிடிக்கலாம், எஞ்சினுக்கு ஆபத்தில்லை. பாஸ் (மெக்கானிக்குகளை எங்கள் பகுதியில் அப்படித்தான் அழைப்பார்கள்) பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. சரியான பாடமும்கூட. இரண்டு பிளக் வாங்கி வந்து போட்டார்.

கரி பிடிப்பது நின்றுவிட்டது. ஒரு வாரம் கழித்து வீட்டுத் திண்ணையில் வைத்து அந்தப் பிளக்குகளைக் காட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அப்போது ஒன்பதாம் தரம். நுனியில் இருக்கும் பீங்கான் பால் வெள்ளையாக இருந்தது.

"பாத்தியா மகள், கழுவி வெச்ச பீங்கான் மாதிரி. நல்ல பிளக்கு."

"மத்தப் பிளக்கெல்லாம் கறுப்பாத்தானே வாப்பா இருந்த?"

"அதுதான் சொல்றன், இது சுத்தமா எரிக்கிது."

வெள்ளை என்றால் சுத்தம் என்று நானும் நினைத்தேன். அது எஞ்சின் போட்ட கூக்குரல் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

ஓகஸ்ட் 21 நள்ளிரவோடு மண்ணெண்ணெய் 87இலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. இப்போது கலந்தால் நாலு லீற்றருக்கு மிச்சம் 110 ரூபா மட்டும். ஆனாலும் கோட்டா நீளுகிறதே என்று வாப்பா கலப்பதை விடவில்லை. செப்டெம்பரில் ஒரு நாள் வாப்பாவும் மாமாவும் விடியுமுன் போனார்கள். திரும்பும்போது வலையும் மீனும் நிறைந்த பாரம். கச்சான் காற்று எழுவதற்குள் கரை சேர வேண்டும் என்று எஞ்சினை முழு வேகத்தில் விட்டார். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எஞ்சின் ஒரு சத்தத்தோடு இறுகி நின்றது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை.

கச்சான் எங்கள் கரையில் தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. எஞ்சின் இல்லாத போட்டை அது கரைக்குத் தள்ளாது. வங்காள விரிகுடாவுக்குள் தள்ளும். மூன்றரை மணித்தியாலம் தள்ளியது. மாமா சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டி அசைத்தாராம். நாவலடிப் பக்கத்து அண்ணன் ஒருவரின் போட் கண்டு, கயிறு போட்டு இழுத்து வந்து, முகத்துவாரத்தில் சேர்த்தது. லுஹர் பாங்கு சொல்லும்வரை உம்மா வாசலை விட்டு நகரவில்லை.

பாஸ் எஞ்சினைப் பிரித்தபோதுதான் அந்த ஓட்டை தெரிந்தது. புதுப் பிஸ்டன், சிலிண்டர் கடைசல், கூலி என்று உம்மாவின் இரண்டு காப்புகள் அடகுக் கடைக்குப் போயின. ஓட்டைப் பிஸ்டனை வாப்பா எறியப் போனார். நான் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது தெரியாது. உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

இனி, அந்த எஞ்சினுக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

சிலிண்டருக்குள் பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை வருகிறது. பிஸ்டன் மேலே வந்து அதை நெருக்குகிறது. நெருங்கியதும் பிளக் ஒரு பொறி விடுகிறது. கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. வாப்பாவின் எஞ்சின் போன்ற டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடினால் ஒரு செக்கனுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட தடவை இது நடக்கிறது. எரியும் வாயுவின் வெப்பம் 2000 பாகை செல்சியசைத் தாண்டும். அலுமினியம் 660 பாகையிலேயே உருகிவிடும். அப்படியானால் நல்ல எஞ்சினில் பிஸ்டன் ஏன் உருகுவதில்லை? உம்மா கேட்ட முதல் கேள்வி இது. வெப்பம் பிஸ்டனிலிருந்து சிலிண்டர் சுவருக்கும், சுவரிலிருந்து எஞ்சின் உறிஞ்சும் கடல் நீருக்கும் போய்க்கொண்டே இருக்கிறது. அதோடு, பிஸ்டனின் தலைமேல் ஒட்டிக்கிடக்கும் மெல்லிய வாயுப் படலம் ஒரு போர்வைபோல நெருப்பைத் தடுக்கிறது. இந்தப் போர்வை கிழியாதவரை பிஸ்டன் பிழைக்கும்.

நெருப்பு ஒழுங்காகப் பரவ வேண்டும் என்பதுதான் எல்லாம். பிளக்கின் நுனியில் தொடங்கி, அடுப்பில் கொள்ளி எரிவதுபோல ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வர வேண்டும். ஆனால் காற்றை நெருக்கினால் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடி சுடுவது அதனால்தான். நெருப்பு வந்து சேருமுன் மறுமுனையில் காத்திருக்கும் கலவை, நெருக்குதலும் சூடும் தாங்காமல் தானாகவே மொத்தமாகப் பற்றிக்கொண்டால் அது எரிவு அல்ல, அடி. சிறு கற்களைத் தகரப் பேணியில் போட்டுக் குலுக்குவதுபோலச் சத்தம் கேட்கும். ஆங்கிலத்தில் 'நொக்' என்பார்கள். அந்த அடிதான் நான் சொன்ன போர்வையைக் கிழிக்கிறது. காரில் என்றால் சத்தத்தைக் கேட்டுக் காலை எடுக்கலாம். போட் எஞ்சினின் இரைச்சலில் அது காதில் விழாது.

ஒரு எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு நெருக்குதலைத் தாங்கும் என்பதைச் சொல்வதே ஒக்டேன் எண். அது பலத்தின் எண் அல்ல, பொறுமையின் எண். 1926இல் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க இரசாயனவியலாளர் இந்த அளவுகோலை அமைத்தார். மிகப் பொறுமையான ஐசோ ஒக்டேன் என்ற திரவத்துக்கு 100. பொறுமையே இல்லாத ஹெப்டேனுக்கு 0. 92 என்றால், 92 பங்கு ஐசோ ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடந்துகொள்ளும் பெற்றோல். அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1921இல், தோமஸ் மிட்ஜ்லி என்பவர் பெற்றோலில் ஓர் ஈயச் சேர்வையைக் கலந்து இந்த அடியை நிறுத்தினார். எஞ்சினுக்கு நல்லதாக இருந்த அந்த ஈயம் பிள்ளைகளின் மூளைக்கு நஞ்சு. இலங்கையில் 2002இல்தான் அது பெற்றோலிலிருந்து நீக்கப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. ஒரு எஞ்சினின் பொறுமைக்காக ஏறக்குறைய நூறு ஆண்டுகள் உலகம் ஈயத்தைச் சுவாசித்தது என்று படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. அது வேறு கட்டுரைக்கு உரியது.

மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் மிகவும் தாழ்ந்தது. 20 என்று வைத்துக்கொள்வோம். மூன்று லீற்றர் 92உம் ஒரு லீற்றர் 20உம் சேர்ந்தால் எளிய சராசரி 74. 92ஐத் தாங்கும்படி நெருக்குகிற எஞ்சினுக்கு வாப்பா 74ஐக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்படியானால் பழைய மண்ணெண்ணெய் எஞ்சின் அத்தனை வருடம் எப்படி ஓடியது? அது மண்ணெண்ணெய்க்கென்றே செய்யப்பட்டது. அதன் நெருக்கல் குறைவு. பொறுமையற்ற எரிபொருளைக் கோபப்படுத்தாத எஞ்சின். குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால் அதைப் பெற்றோலில் தொடக்கி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு எஞ்சினும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். உள்ளே குணம் வேறு.

ஆனால், மண்ணெண்ணெய்க் கலப்பு மட்டும் என்றால் எஞ்சின் இன்னும் சில மாதம் தாக்குப்பிடித்திருக்கும், முன்னறிவிப்பும் கொடுத்திருக்கும் என்று பாஸ் சொன்னார். கதையை முடித்தது பிளக்.

தமிழில் தீப்பொறிச் செருகி என்று எழுதலாம். கடற்கரையில் அப்படிக் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். பிளக் இரண்டு வேலை செய்கிறது. பல்லாயிரம் உவோல்ற்று மின்னைச் சிறு இடைவெளியில் பாயவிட்டுப் பொறி உண்டாக்குவது ஒன்று. தன் நுனியின் வெப்பத்தைத் தானே அளவாக வைத்திருப்பது மற்றது. நுனி ஏறக்குறைய 450 பாகைக்குக் கீழே இருந்தால் கரியும் எண்ணெயும் எரிந்துபோகாமல் அதில் ஒட்டும். 850ஐத் தாண்டினால் நுனியே தணலாகி, பொறி வருமுன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது நெருப்பு அதைக் கீழே தள்ளும். இந்த இரண்டு எல்லைக்குள் நுனியை நிறுத்துவதற்காகத்தான் பிளக்கில் 'சூடு', 'குளிர்' என்ற வகைகள்.

இதில் உம்மா தடுமாறினார். சூடான பிளக் என்றால் பெரிய நெருப்பு விடுமா? இல்லை, பொறி ஒன்றுதான். வித்தியாசம் உள்ளே இருக்கும் பீங்கானின் நீளத்தில். நுனியில் பட்ட வெப்பம் பீங்கான் வழியாக நடந்து, உலோக உடலுக்கும் மரைக்கும் போய், அங்கிருந்து எஞ்சின் தலைக்குப் போக வேண்டும். பீங்கான் மூக்கு நீளமானால் பாதை நீளம், வெப்பம் நுனியிலேயே தங்கும். அது சூடான பிளக். மூக்குக் கட்டையானால் வெப்பம் சீக்கிரம் இறங்கிவிடும். அது குளிர்ந்த பிளக். பாரம் இழுத்து நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓடும் எஞ்சின் நிறைய வெப்பம் உண்டாக்கும், அதற்குக் குளிர்ந்தது. மெதுவாக ஓடுவதற்குச் சூடானது.

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். பீ 7 எச் எஸ் என்பது ஜப்பானின் என்ஜிகே நிறுவனத்தின் குறியீடு. பீ என்றால் மரையின் விட்டம் 14 மில்லிமீற்றர். 7 என்பது வெப்ப எண். எச் என்றால் மரைப்பகுதியின் நீளம் 12.7 மில்லிமீற்றர். எஸ் என்றால் நடுவில் செம்பு. முன்னால் ஆர் என்று சேர்ந்திருந்தால் உள்ளே தடை உண்டு. கடைசியில் 10 என்று இருந்தால் பொறி இடைவெளி 1 மில்லிமீற்றர். என்ஜிகேயில் வெப்ப எண் கூடக் கூடக் குளிர். டென்சோவிலும் அப்படியே. ஆனால் ஜெர்மனியின் பொஷ்ஷிலும் அமெரிக்காவின் சம்பியனிலும் தலைகீழ். அவற்றில் எண் கூடக் கூடச் சூடு!

வாப்பா வாங்கிய 'எட்டு' இந்தத் தலைகீழ்க் கணக்கில் உள்ள எட்டு. ஒரு படி குளிர்ந்தது என்று நினைத்துப் போட்டது உண்மையில் தேவையானதைவிடச் சூடானது. பிளக்கில் ஒரு குறையும் இல்லை. வேறு ஓர் எஞ்சினுக்கு அது அருமையான பிளக். நாங்கள்தான் ஒரு வீட்டுக் கணக்கை இன்னொரு வீட்டில் வாசித்தோம். எதுவும் தெரியாதவராக இருந்திருந்தால் வாப்பா பாஸிடம் கேட்டிருப்பார். பாதி தெரிந்ததால் கேட்கவில்லை.

இரண்டு பிழையும் ஒன்றையொன்று மறைத்ததுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். மண்ணெண்ணெய் கரி பிடிக்கச் செய்தது, அது எச்சரிக்கை. சூடான பிளக் அந்தக் கரியை எரித்துவிட்டது, எச்சரிக்கை அழிந்தது. நுனி வெள்ளையானது, அதைச் சுத்தம் என்று வாசித்தோம். உள்ளே ஒருபுறம் தாழ்ந்த ஒக்டேனின் அடி, மறுபுறம் தணலான நுனியின் முந்திய பற்றுதல். ஒன்று வெப்பத்தைக் கூட்ட, அந்த வெப்பம் மற்றதைக் கூட்ட, முழு வேகத்தில் பிஸ்டனின் போர்வை கிழிந்தது. பிறகு 660 பாகை எம்மாத்திரம்?

பிளக்கின் நிறத்தை வாசிக்க இப்போது வாப்பாவுக்கும் எனக்கும் தெரியும். "டாக்குத்தர் நாக்கப் பாக்குற மாதிரித்தான் புள்ள" என்று பாஸ் சொல்லித்தந்தார். பாலூற்றிய தேநீர் நிறம் அல்லது இளம் பழுப்பு என்றால் சுகம். காய்ந்த கருமை என்றால் பெற்றோல் கூட, அல்லது பிளக் குளிர் கூட. எண்ணெய் பளபளக்கும் ஈரக் கருமை என்றால் டூ ரி ஓயில் அதிகம், அல்லது அந்தச் சிலிண்டர் சரியாக எரியவில்லை. வெள்ளை, அதிலும் சிறு கொப்புளமோ பளபளக்கும் அலுமினியப் புள்ளியோ இருந்தால் அடுத்த நாள் கடலுக்குப் போகக் கூடாது. அந்தப் புள்ளி பிஸ்டனிலிருந்து வந்தது. மெதுவாக ஓடிக் கரைக்கு வந்தபின் பார்த்தால் நிறம் பொய் சொல்லும். வேகமாக ஓடிய எஞ்சினை நிறுத்திய கையோடு பார்ப்பதே சரியான பார்வை.

வாங்கும்போது எண்ணை மட்டுமல்ல, மரையின் நீளத்தையும் பாருங்கள். எச் இருக்கவேண்டிய இடத்தில் 19 மில்லிமீற்றர் நீளமுள்ள ஈ வகையைப் போட்டால் பிஸ்டன் மேலே வந்து பிளக்கில் முட்டும். வேறு கம்பனி தவிர வழியில்லை என்றால் எண்ணை எண்ணோடு ஒப்பிடக் கூடாது. கம்பனிகள் வெளியிடும் ஒப்பீட்டு அட்டவணையைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டும். இடைவெளியை அளக்கத் தகட்டளவி இல்லாவிட்டால், வங்கி அட்டை ஏறக்குறைய 0.76 மில்லிமீற்றர் தடிப்பு என்பதை நினைவில் வையுங்கள். எங்கள் பாஸ் இரும்பு வாள் பிளேட்டால் அளப்பார், அது 0.6ஐ ஒட்டியது. பூட்டும்போது முதலில் கையாலேயே முழுக்கத் திருக வேண்டும்; கை நின்ற பிறகு, புதுப் பிளக் என்றால் ஸ்பானரால் அரைச் சுற்று. எஞ்சின் தலை அலுமினியம் என்பதால் கோணலாக ஏற்றினால் மரை போய்விடும். வாலிபக் காக்காமார் ஸ்பானரைப் பிடித்து முழுப் பலத்தையும் காட்டுவது இந்த இடத்தில்தான்.

பெற்றோருக்கு ஒரு விஷயம். ஸ்கூட்டருக்கு 95 அடித்தால் வேகம் கூடும், பெற்றோல் மிச்சம் என்று சொல்கிறவர்கள் எங்கள் வீட்டிலும் இருக்கிறார்கள். எஞ்சினின் நெருக்கல் 92ஐத் தாங்கும்படி அமைந்திருந்தால், 95இன் மேலதிகப் பொறுமைக்கு அங்கே வேலையில்லை. கோபமே படுத்தாத வீட்டில் பொறுமைசாலிக்கு என்ன பெருமை? கைநூல் 95 கேட்டால் மட்டும் 95. அது கேட்கும்போது 92 போடுவது கஞ்சத்தனமல்ல, நட்டம்.

ஒரு வேடிக்கை. டூ ஸ்ட்ரோக் பிளக் பற்றி நான் தேடிப் படித்ததில் பாதி பனிநாட்டுக்காரர்கள் எழுதியவை. கனடாவில் 1959இல் பொம்பார்டியே என்பவரின் நிறுவனம் 'ஸ்கீ டூ'வை விற்பனைக்கு விட்டது; பனியில் சறுக்கி ஓடும் இத்தகைய வண்டிகளுக்குப் பின்னர் நெடுங்காலம் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தான். யமஹா நிறுவனம் தன் முதல் போட் எஞ்சினை 1960இலும், முதல் பனிவண்டியை 1968இலும் செய்தது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஒன்று வங்காள விரிகுடாவில், மற்றது மைனஸ் முப்பதில். கடுங்குளிரில் காற்று அடர்ந்து போவதால் அதே காபரேற்றரில் பெற்றோலின் பங்கு குறைந்து, பிஸ்டன் உருகும் அபாயம் அங்கேயும் உண்டு. பனிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கும் எஞ்சின் சூடாகி உருகும் என்பதை உம்மா நம்பவேயில்லை. படம் காட்டித்தான் நம்பவைத்தேன். ஓட்டை, எங்கள் பிஸ்டனில் இருந்த அதே இடத்தில்.

அடகு வைத்த காப்புகளில் ஒன்று போன வருடம் மீண்டது. மற்றது இன்னும் இல்லை. வாப்பா இப்போது கலப்பதில்லை. கைநூலில் உள்ள பிளக்கையே, இருக்கும்போது இரண்டாக வாங்கி, ஒரு சோடியைப் பொலித்தீனில் சுற்றிப் போட்டிலேயே வைத்திருக்கிறார். உப்புக் காற்றுக்கு அது அவசியம். வெள்ளிக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதால், வியாழக்கிழமை மாலை பிளக் இரண்டையும் கழற்றி, மேல் சிலிண்டர் எது, கீழ் சிலிண்டர் எது என்று தாளில் எழுதிச் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வருவார். நான் பாடசாலைப் பூதக்கண்ணாடியால் பார்ப்பேன்.

சென்ற வியாழன் மேல் பிளக் நல்ல பழுப்பு. கீழ் பிளக் காய்ந்த கறுப்பு.

"ரெண்டுக்கும் ஒரே பெற்றோல், ஒரே ஓயில், ஒரே நம்பர் பிளக்கு. ஏன் வாப்பா ஒண்டு மட்டும் கறுப்பு?"

வாப்பா கொஞ்ச நேரம் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீழ் கொயிலாத்தான் இரிக்கும். இல்லாட்டி பிளக்குத் தொப்பிக்குள்ள உப்புப் பூத்திருக்கும்."

"மேல் பிளக்கக் கீழயும், கீழ் பிளக்க மேலயும் மாத்திப் போட்டுப் பாத்தா? கறுப்புப் பிளக்கோட போகுதா, சிலிண்டரோட நிக்கிதா எண்டு தெரியுமே."

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டு பிளக்கையும் இடம் மாற்றிப் பூட்டுவதற்காக ஸ்பானரை எடுத்துக்கொண்டு அவர் கடற்கரைக்குப் போயிருக்கிறார்.